தாமரையின் கைகள்

தமிழ்ச்செல்வி அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர் ஒரு சிறுவனின் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்து அழுத்திக்கொண்டு "அம்மா, அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். திருநகரில் ஒரு வாடகை வீட்டின் முன்கூடம் அது. சுவரோரமாகப் பாயில் ஏழெட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளின் கைகளும் அவரவர் தொடைக்கு அடியில் இருந்தன. என் இடுப்பில் அனந்து. இரண்டு வயது. காது கேட்காது என்று டாக்டர் சொல்லி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நானும் என் கணவர் ஹாலாஸ்யமும் அந்த ஒரு வாரமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தோம்.

"பேரென்ன?" என்று அக்கா கேட்டார்.

"சுஷ்மா."

"ஒங்க பேரு இல்லத்தா. புள்ள பேரு."

"அனந்தபத்மநாபன்."

"ஆத்தாடி, எம்புட்டு நீளம்!" என்று சிரித்தார். "இருக்கட்டும். ஒருநா அவனே வாயத் தொறந்து சொல்லுவான். நீங்க பக்கத்துல நின்னு கேப்பீங்க."

சொன்னான். ஆறு வயதில், எங்கள் வீட்டு வாசலில் நின்ற கொரியர்க்காரரிடம் தன் முழுப்பெயரையும் ஓர் எழுத்து விடாமல் சொன்னான். நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றபடியே அழுதேன். ஆகவே அக்காவைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் அந்த நன்றியோடுதான் சொல்ல முடியும். அனந்துவுக்குப் பயிற்சி கொடுக்கப் போனவள் அப்படியே அங்கு வேலைக்கும் சேர்ந்துகொண்டேன். பன்னிரண்டு வருடங்களுக்கு மேல் அக்காவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் மகள் தாமரையின் கதை எனக்குத் தெரிந்த அளவு அங்கே வேறு யாருக்கும் தெரியாது.

அக்காவின் சொந்த ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. விவசாயக் குடும்பம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு தாய்மாமன் மகன் அழகுராஜாவுக்குக் கட்டிவைத்தார்கள். அவர் மின்வாரியத்தில் லைன்மேன். திருநகரில் வீடு பிடித்துக் குடிவந்தார்கள். தாமரைச்செல்வி பிறந்தாள். ஒரே பிள்ளை.

தாமரைக்கு இரண்டரை வயதிருக்கும்போது அடுப்படி மேடையிலிருந்து தண்ணீர்க்குடம் சரிந்து விழுந்தது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தது. குடத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த தாமரை மட்டும் திரும்பவில்லை. தண்ணீர் வந்து பாவாடையை நனைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் பரிசோதித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "சொந்தத்துல கல்யாணமா?" அந்தக் கேள்வி அக்காவை விட்டுப் போகவே இல்லை. "எங்க ரெண்டு பேரு ரத்தமும் சேந்து எம்புள்ள காத அடச்சிருச்சு சுஷ்மா" என்று என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இல்லையக்கா என்று நானும் எத்தனையோ முறை சொன்னேன். தான் அடைத்ததைத் தானே திறந்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி வந்துவிட்டது. அந்த வெறிதான் பிறகு அறக்கட்டளை ஆனது.

சென்னையில் காது கேளாத பிள்ளைகளின் தாய்மாருக்குப் பயிற்சி தரும் ஓர் இடம் இருப்பதாக யாரோ சொல்ல, அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அங்கே ஒற்றை அறை எடுத்துத் தங்கி, தாமரைக்குப் பேச்சுச் சொல்லித்தரக் கற்றுக்கொண்டார். அங்கிருந்த மூத்த ஆசிரியை ஒருவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: கைச்சாடை காட்டவே கூடாது, கை பழகிவிட்டால் வாய் வராது. அக்கா அதைச் சத்தியவாக்காகப் பிடித்துக்கொண்டார். தாமரை தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டினால் தண்ணீர் கிடைக்காது. "எம்வாயப் பாரு. த... தண்ணி. சொல்லு" என்பார். பிள்ளை அழும். அக்காவும் அழுவார். தண்ணீர் மட்டும் வாய் திறந்த பிறகுதான் வரும். கைகள் தானாக எழும்போதெல்லாம் தொடைக்கு அடியில் போகவேண்டும்.

எரியும் மெழுகுவத்திக்கு முன்னால் உட்காரவைத்து, சுடர் அசைகிற மாதிரி "ப" சொல்லப் பழக்கினார். பல மாதங்கள் போனபின் ஒரு நாள் சுடர் அசைந்தது. தாமரையின் முதல் சொல் "பூ." அன்றைக்கு அழகுராஜா அண்ணன் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாராம்.

மதுரைக்குத் திரும்பிய பிறகு அந்தப் "பூ"வைக் கேட்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தங்கள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அப்படித்தான் முன்கூடத்தில் பாய் விரிக்கப்பட்டது. 'குரல் அறக்கட்டளை' என்று பெயர் வைத்துப் பதிவு செய்தார். வந்தவர்களோடு நிற்கவில்லை. பஸ் ஏறிச் சேடபட்டி, எழுமலை, பேரையூர்ப் பக்கமெல்லாம் வெயிலில் நடந்து பிள்ளைகளைத் தேடினார். பிறவியிலேயே காது கேட்காத பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த காலம். யாராவது "ஊமைப்புள்ள" என்று சொல்லிவிட்டால் அக்காவின் முகம் மாறிவிடும். "அது ஊம இல்ல. நீங்க அது காதுல விழுகுற மாதிரி பேசல. அம்புட்டுத்தான்" என்பார்.

செக்கானூரணியில் டீக்கடை வைத்திருந்த நல்லகாமன் என்பவர் தன் மகளை இரண்டு பஸ் மாறித் தினமும் கூட்டிவருவார். அந்தப் பிள்ளைக்குக் கை அடங்கவே அடங்காது. "வீட்டுல கைய ஆட்டுனா சோறு போடாதீங்க" என்று அக்கா அவரிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அவர் கைகட்டிக்கொண்டு "சரிங்கம்மா" என்றார்.

அரசுக் காப்பீட்டில் காதுக்குள் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை வந்ததும் எல்லாம் வேகமெடுத்தது. சின்ன வயதிலேயே பொருத்திய பிள்ளைகள், நல்ல பயிற்சியும் கிடைத்தால், கேட்டார்கள், பேசினார்கள், சாதாரணப் பள்ளியில் சேர்ந்தார்கள். என் அனந்துவும் அப்படி வந்தவன்தான். அறக்கட்டளை சொந்தக் கட்டடத்துக்கு மாறியது. வேன் வந்தது. வெளியூரிலிருந்து கூட்டங்களுக்கு அக்காவைப் பேசக் கூப்பிட்டார்கள். விருதுகள் வந்தன. வீட்டு வாசலில் பேர் தெரியாத தாய்மார்கள் வாழைத்தாரும் தேங்காயுமாக வந்து நின்றார்கள். எத்தனை பிள்ளைகள் அந்த வாசலில் ஊமையாக நுழைந்து பேச்சோடு வெளியே போனார்கள் என்பதை நான் என் கண்ணால் பார்த்தவள்.

தாமரைக்கு மட்டும் வயது கடந்துவிட்டது. அவளுக்கு அந்த அறுவை சிகிச்சையால் இனிப் பயன் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள். அவளிடம் இருந்தது பழைய காது மெஷினும், அம்மா கொடுத்த உதடு பார்க்கும் பழக்கமும்தான்.

ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் தாமரையை மேடையேற்றுவார் அக்கா. பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ. "வணக்கம். என் பெயர் தாமரைச்செல்வி. எனக்குக் காது கேட்காது. என் அம்மா எனக்குப் பேசக் கற்றுத்தந்தார்." மண்டபமே எழுந்து கைதட்டும். புதிதாக வந்த பெற்றோர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். கைதட்டலைக் கேட்க முடியாத தாமரை, தட்டுகிற கைகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே இறங்கியதும் யாராவது அவளிடம் ஆசையாக ஏதாவது கேட்பார்கள். அவள் தலையாட்டுவாள். என்ன கேட்டாலும் தலையாட்டுவாள். பழகிய அம்மாவின் உதட்டைத் தவிர வேறு உதடுகள் அவளுக்குப் பாதிதான் புரியும் என்பது எனக்கே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவளோடு உண்மையில் பேசிய ஒரே ஆள் அவள் அப்பா. மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் அவர்கள் இருவரும் மேலே போவார்கள். அழகுராஜா அண்ணன் கம்பத்தில் ஏறியதை, அங்கே காக்காய் தலையில் கொத்தியதை, மேலதிகாரி தொப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததை எல்லாம் கையாலும் உடம்பாலும் நடித்துக் காட்டுவார். தாமரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நான் ஒருநாள் தற்செயலாக மேலே போனபோது பார்த்தேன். இரண்டு பேரும் திருடர்கள் மாதிரி கையை இறக்கிக்கொண்டார்கள்.

"தமிழுகிட்ட சொல்லிராதீங்கம்மா" என்றார் அண்ணன்.

ஆனால் அக்காவுக்குத் தெரியும். ஒருமுறை எனக்கு முன்னாலேயே அவரைப் பிடித்துக்கொண்டார். "நான் ஊரு முழுக்கக் கைய ஆட்டாதன்னு சொல்லிட்டு வாரேன். நீங்க வீட்டுல உக்காந்து கெடுக்குறீங்க. எம்மானம் போகுது மாமா."

அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "புள்ள எங்கிட்ட நாலு வார்த்த பேசட்டும் தமிழு. எனக்கு மானமெல்லாம் வேணாம்."

பள்ளி முடித்ததும் தாமரை சென்னையில், காது கேளாத மாணவர்களும் படிக்கிற ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். அங்கேதான் அவள் முதல்முறையாகச் சைகை மொழியைப் பார்த்தாள். அப்பாவோடு அவள் செய்தது இருவருக்கு மட்டும் புரிந்த நடிப்பு. இதுவோ முழுமொழி. சண்டை போட, கேலி செய்ய, காதலிக்க, அரசியல் பேச எல்லாவற்றுக்கும் இடமிருந்த மொழி. முதல் விடுமுறையில் வந்தவளைப் பார்த்து நான் அசந்துபோனேன். முகமே வேறாக இருந்தது. கண் விரிந்திருந்தது. அவளோடு வந்திருந்த தோழியும் அவளும் வாசலில் நின்று மின்னல் மாதிரி கையசைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா வெளியே வந்து தாமரையின் இரண்டு கைகளையும் பிடித்துக் கீழே இறக்கினார்.

"வாசல்ல நின்னு இது என்ன? பத்துத் தாய்மாரு வந்துபோற எடம்."

தாமரை தோழியை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் படிப்பை முடித்த வருடம் அழகுராஜா அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது சட்டையைக்கூட முழுசாக மாட்டவில்லை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சொந்தக்காரர்கள் வண்டி வண்டியாக வந்திறங்கினார்கள். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். தாமரை அழவில்லை. ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, கண்ணாடிக்கு மேலே அப்பாவின் முகத்துக்கு நேராகக் கையை வைத்துப் பேச ஆரம்பித்தாள். அவர்களுடைய பழைய மொட்டைமாடி பாஷைதான். கம்பத்தில் ஏறுவது, காக்காய் கொத்துவது. கூட்டம் அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது. யாரோ ஒரு பெண், "புத்தி பெரண்டுருச்சா புள்ளைக்கு?" என்றாள்.

அக்கா எழுந்து போய் மகளின் கைகளைப் பிடித்து இழுத்தார். "ஊரே பாக்குது. கைய எடு ஆத்தா. வாயத் தொறந்து அழு. அப்பான்னு சொல்லி அழு."

தாமரை அம்மாவின் உதட்டை முழுதாகப் பார்த்தாள். என்ன சொன்னார் என்று அவளுக்கு நன்றாகவே புரிந்தது. எழுந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அம்மாவிடம் அவள் குரலெடுத்துப் பேசவில்லை. வேண்டியதைக் கைபேசியில் தட்டிக் காட்டுவாள். சுடரை அசைத்துச் சொல்லவைத்த குரலை அவள் மூடிவைத்துவிட்டாள்.

சிம்மக்கல்லில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற கடையில் கணினி வேலைக்குச் சேர்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தமுக்கம் பக்கம் காது கேளாதவர்கள் கூடுவார்கள். அங்கே தவசியைச் சந்தித்தாள். அவரும் பிறவியிலேயே காது கேளாதவர். ஒத்தக்கடையில் ஒரு பட்டறையில் அலமாரி, கட்டில் செய்கிற தச்சர். பேச்சுப் பயிற்சி எதுவும் கிடைக்காதவர், கையால் மட்டுமே பேசுகிறவர்.

"ஒலகத்துல வேற ஆளே கெடைக்கலயா?" என்று அக்கா என்னிடம்தான் பொருமினார். "கேக்குற ஒருத்தனக் கட்டுனா இவ பேச்சு நெலைக்கும். இப்ப இருக்குறதும் போயிரும்."

நான் அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறதே என்றேன். அக்கா கல்யாணத்தைத் தடுக்கவில்லை. மண்டபத்தில் ஒரு பக்கம் மைக்செட் அலறிக்கொண்டிருந்தது. மறுபக்கம் தவசியின் நண்பர்கள் நூறு பேருக்கு மேல் சத்தமே இல்லாமல் கைகளால் ஆர்ப்பாட்டம் செய்துகொண்டிருந்தார்கள். மணமேடையில் தாமரை சிரித்தாள். மொட்டைமாடியில் பார்த்த அந்தச் சிரிப்பு. அக்கா மைக்செட் பக்கமாகவே நின்றிருந்தார்.

இரண்டு வருடம் கழித்து மகிழா பிறந்தாள். அவளுக்கும் காது கேட்கவில்லை. இந்த முறை யாரும் குடம் விழுகிறவரை காத்திருக்கவில்லை. பிறந்த சில நாட்களிலேயே தெரிந்துவிட்டது. அக்கா உடைந்து போவார் என்று நினைத்தேன். இல்லை, ஒருவிதமான உற்சாகமே வந்தது அவருக்கு. "தாமரைக்குக் கெடைக்காதது எல்லாம் இதுக்குக் கெடைக்கும். ஆப்பரேசன் பண்ணிட்டு நம்ம கிட்டயே பயிற்சி. அஞ்சு வயசுல எம்பேத்தி மேடையில பேசுவா பாரு" என்றார்.

மகிழாவுக்கு ஒரு வயதானபோது தாமரை அவளைத் தூக்கிக்கொண்டு அறக்கட்டளைக்கு வந்தாள். நானும் அறையில் இருந்தேன். குழந்தை அம்மாவின் மடியிலிருந்து பிஞ்சு விரல்களை மடக்கி மடக்கித் திறந்தது. பால் வேண்டும் என்கிறது என்று தாமரை கைபேசியில் தட்டி எனக்குக் காட்டினாள். எங்களிடம் பயிற்சிக்கு வரும் எந்தப் பிள்ளையும் அந்த வயதில் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அக்கா மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்: "நாளையிலருந்து கொண்டாந்து விடு. ஆப்பரேசனுக்கு நான் ஏற்பாடு பண்றேன். ஆனா இந்தக் கையி இன்னையோட நிக்கணும். ஒன் வீட்டுலயும் நிக்கணும்."

தாமரை கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பிறகு வாயைத் திறந்தாள். ஐந்து வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன். மூக்கு வழியாக வருகிற, ஏற்ற இறக்கம் தெரியாத, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் அம்மா செதுக்கிய குரல்.

"அம்மா. ரெண்டும் வேணும். கையும் வேணும். காதும் வேணும்."

"ரெண்டு குதிரையில ஏறி உக்காந்தா ஒண்ணும் ஓடாது" என்றார் அக்கா. "இங்க நூறு புள்ளைக இருக்கு. எல்லாருக்கும் ஒரே சட்டம். எம்பேத்திக்கு மட்டும் மாத்துனா நாளைக்கு யாரு எம்பேச்சக் கேப்பா?"

"நான் ஒம்மக" என்றாள் தாமரை.

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது கேளாத ஒருத்தியிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். தாமரை குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அறுவை சிகிச்சையைத் தவசியும் அவளுமாக வேறோர் இடத்தில் செய்துகொண்டார்கள். பயிற்சியும் வேறிடம். அதன்பின் அவள் ஒத்தக்கடை வீட்டிலிருந்து திருநகர் வரவே இல்லை. மதுரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பஸ்ஸில் வந்தால் ஒன்றரை மணிநேரம்கூட ஆகாது. அக்காவும் போகவில்லை. "அவளா வரட்டும்" என்றார்.

கொரோனாவின் இரண்டாவது அலை வந்த மே மாதத்தில் தவசியிடமிருந்து அக்காவுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. தாமரைக்கு மூச்சுத் திணறுகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், எனக்கும் காய்ச்சல், வீட்டைவிட்டு வெளியே வரமுடியவில்லை. மகிழாவைத் தவசியின் தங்கை மேலூருக்குக் கூட்டிப் போயிருந்தாள்.

அக்கா ஆட்டோ பிடித்து அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போனார். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில் ஒரு நர்ஸ் வெளியே வந்து கூப்பிட்டாள்.

"தாமரைச்செல்வியோட அம்மாவா? நீங்க உள்ள வந்து சொல்லுங்கம்மா. ஆக்சிஜன் மாஸ்க்கப் புடுங்கிப் புடுங்கிப் போடுறாங்க. நாங்க சொல்றது எதுவும் புரிய மாட்டேங்குது."

"அவளுக்குக் காது கேக்காதும்மா. ஒதட்டப் பாத்தாப் புரிஞ்சுக்குவா."

"எங்க ஒதடு எங்கம்மா தெரியுது?" என்றாள் நர்ஸ்.

அவள் முகத்தில் இரண்டு முகக்கவசம் இருந்தது. அதற்கு மேல் பிளாஸ்டிக் மூடி. அக்காவுக்கும் அதையே மாட்டினார்கள். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை.

தாமரையின் கைகள் இரண்டையும் துணிக்கட்டால் கட்டிலின் கம்பியோடு கட்டிவைத்திருந்தார்கள். அங்கிருந்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூச்சுக்கருவியைப் பிடுங்கினால் உயிர் போய்விடும். அந்த வார்டில் வேறு சிலரையும் அப்படிக் கட்டியிருந்தார்கள். ஆனால் அவர்களுக்கு வாய் இருந்தது.

"அவுத்து விடுங்க தாயி" என்றார் அக்கா.

"அவுத்தா மாஸ்க்கப் புடுங்கிருவாங்கம்மா."

"நான் புடிச்சுக்கிறேன். ஒரு நிமிசம் அவுத்து விடுங்க. அவ பேசணும்."

கையால் சொல்வதைப் பேச்சு என்று அக்கா சொன்னது தன் வாழ்க்கையிலேயே அதுதான் முதல்முறை.

நர்ஸ் கட்டை அவிழ்த்தாள். வெள்ளை உறைக்குள் இருந்த கண்களை வைத்தே தாமரை அம்மாவை அடையாளம் கண்டுகொண்டாள். கையைத் தூக்கினாள். பேசினாள். நீளமாகப் பேசினாள். மணிக்கட்டு தளர்ந்து விழும், திரும்பத் தூக்குவாள். கன்னத்தைத் தொட்டாள், நெஞ்சைத் தொட்டாள், அம்மாவைச் சுட்டினாள், விரல்களைக் கோத்துப் பிரித்தாள். அக்காவுக்கு எதுவும் புரியவில்லை. புரிந்தமாதிரி தலையாட்டினார். சரி ஆத்தா, சரி ஆத்தா என்று தலையாட்டினார்.

புரியாமலே தலையாட்டுவது எப்படியிருக்கும் என்று தாமரைக்குத் தெரியாதா? வாழ்நாளெல்லாம் அதைச் செய்தவள் அவள். அம்மாவைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுக் கைகளைக் கீழே வைத்துவிட்டாள்.

அக்கா தன் முகத்திலிருந்த பிளாஸ்டிக்கையும் முகக்கவசத்தையும் பிய்த்து எறிந்துவிட்டு மகளின் முகத்துக்கு மேலே குனிந்தார். "ஆத்தா, எம்வாயப் பாருத்தா. அம்மா வந்திருக்கேன். எம்வாயப் பாரு." நர்ஸும் இன்னொருவரும் பாய்ந்து வந்து அவரைப் பின்னால் இழுத்தார்கள். தாமரை பார்த்தாளா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கண் மூடியிருந்த மாதிரிதான் இருந்தது என்றார்.

அதற்கு அடுத்தநாள் மத்தியானம் தாமரை இறந்துபோனாள். உடலைப் பொதிந்து நேராக எரியூட்டும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். முகத்தைக் காட்டவில்லை. கைகளையும்தான்.

தவசி எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அக்கா ஒத்தக்கடைக்குப் போனார். நானும் உடன் போனேன். இரண்டு அறை வீடு. அக்கா கூடத்தில் நின்றபடியே, எந்த முகவுரையும் இல்லாமல், தாமரை கட்டிலில் கிடந்து கையசைத்ததைத் தன் கையால் செய்து காட்டினார். அதை மறந்துவிடக் கூடாது என்று அத்தனை நாளும் தனக்குள்ளேயே செய்து செய்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தவசி உற்றுப் பார்த்தார். திரும்பச் செய்யச் சொன்னார். செய்தார். இன்னொரு முறை. மெதுவாக. தவசி தானே சில சைகைகளைச் செய்து, இதுவா, இதுவா என்று கேட்டார். அக்கா குழம்பிப்போய் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார், பிறகு எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். எந்தக் கை முதலில், உள்ளங்கை எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த மொழியின் ஒரு எழுத்துகூட அறியாதவர் எதை நினைவில் வைத்திருக்க முடியும்? கடைசியில் தவசி ஒரே ஒன்றைக் கண்டுபிடித்தார். கன்னத்தில் விரல்வைத்துச் சுழற்றுவது. மகிழாவுக்குக் கன்னத்தில் குழி விழும். அதுதான் கையால் அவளைக் கூப்பிடும் பெயர். மகிழாவைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான் தெரிந்தது. மற்றது எதுவும் தெரியவில்லை. தவசி கையை விரித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்து அழுதார். குரல் பழகாதவரின் அழுகைச் சத்தத்தை நான் அன்றுதான் கேட்டேன். அக்கா நின்றுகொண்டே இருந்தார். அவர் கை மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

பள்ளிகள் திறந்ததும் அக்கா அறங்காவலர்களையும் பெற்றோர்களையும் கூட்டினார். "இனிமே நம்ம எடத்துல கையையும் விடுவோம். வாயும் இருக்கட்டும், கையும் இருக்கட்டும். சைக மொழி சொல்லித்தர ஆள் போடுவோம்" என்றார். அறங்காவலர்களுக்கு ஒப்பவில்லை. இத்தனை வருட முறையை ஒரு துக்கத்தில் மாற்றக் கூடாது, கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்றார்கள். அவர்களை அக்காவால் சமாளித்திருக்க முடியும். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நல்லகாமனைத்தான் சமாளிக்க முடியவில்லை. அவர் மகள் அப்போது கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். நன்றாகப் பேசுவாள். அவர் எழுந்து, பழையபடி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்:

"அம்மா, நீங்க சொன்னீங்கன்னுதான் எம்புள்ள கையில அடிச்சேன். பசிக்குதுன்னு கையக் காட்டுனப்ப சோறு போடாம இருந்திருக்கேன். அது எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிக்கும். புள்ள நல்லா ஆகத்தான் செய்றோம்னு நெனச்சுக்கிட்டேன். இப்ப அது வேணாம்கிறீங்க. அப்ப நான் அடிச்சது என்னம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார். அக்கா எழுந்து நின்று கைகூப்பினார். அந்த வாரமே பொறுப்பிலிருந்து விலகிக்கொண்டார்.

அறக்கட்டளை இப்போதும் நடக்கிறது. சின்ன வயதில் கருவி பொருத்திய பிள்ளைகள் வருகிறார்கள், பேச்சோடு போகிறார்கள். நான் அங்கேயேதான் வேலை செய்கிறேன். இப்போது பொறுப்பிலிருப்பவரிடம் சைகை மொழியைப் பற்றி இரண்டு முறை பேசிப் பார்த்தேன். பார்க்கலாம் என்றார். பிள்ளைகளைத் தொடைக்கடியில் கைவைக்கச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டோம்.

அக்கா திருநகர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஒத்தக்கடைக்கே குடிபோய்விட்டார். தவசி வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு அறை. மகிழா பள்ளிக்குப் போகிறாள். கருவி வழியாகக் கேட்கிறாள், ஓரளவு பேசுகிறாள், அப்பாவோடு கையால் பேசுகிறாள். தாமரை கேட்டது அதைத்தான். அக்கா ஐம்பதைத் தாண்டிய வயதில் சைகை படிக்கிறார். விரல் மடங்குவதில்லை. வேகமாகப் பேசினால் பிடிபடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தமுக்கம் பக்கம் கூடுகிறவர்களோடு போய் உட்கார்ந்திருக்கிறார். அவர் யார் என்று அவர்களில் சிலருக்குத் தெரியும். அவரிடம் பயிற்சி பெற்று வளர்ந்த இரண்டு பேர் அங்கே வருகிறார்கள். ஒருவன் வந்து வணங்குவான். இன்னொருத்தி எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாள்.

போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். சாயங்காலம். மகிழா பள்ளிவிட்டு வந்து, பையைக் கழற்றாமலே அக்காவிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கை பறந்தது. நடுநடுவே வாயாலும் ஒன்றிரண்டு சொல். வகுப்பில் யாரோ யாரையோ தள்ளிவிட்டிருக்கிறார்கள், டீச்சர் யாரையோ திட்டியிருக்கிறார். அக்கா கண்கொட்டாமல் பார்த்தார். பாதியில் கையை நீட்டி நிறுத்தி, எதையோ திருப்பிக் கேட்டார். மகிழாவுக்குச் சலிப்பு வந்துவிட்டது. "போ அம்மாச்சி" என்று வாயால் சொல்லிவிட்டு, செருப்பை உதறிவிட்டு அப்பாவைத் தேடி ஓடினாள்.

"என்னக்கா சொன்னா?" என்றேன்.

"தெரியலத்தா" என்றார். தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, குழந்தை வந்து சாப்பிட இட்லிக்கு மாவு ஊற்றப் போனார்.